கல்லுச்சந்துக்கு ஏத்த படகு

வாங்க தம்பி, படகு பாக்கத்தானுங்க வந்தீங்க? செருப்பெல்லாம் கழட்ட வேண்டாம், அப்படியே வந்து உக்காருங்க. அந்தச் சேரு வேண்டாங்க, அதுக்கு ஒரு காலு ஆடும். சரி பண்றதுக்கு ஆளு இருந்தப்பவே பண்ணாம உட்டுட்டுப் போயிட்டாரு, இனி யாரு பண்றது. இதுல உக்காருங்க.

படகு அங்க தெரியுது பாருங்க, கரையோரத்துல, நீலத் தார்ப்பாய் போட்டு மூடி. சாவி எம் பொண்ணுகிட்ட இருக்குது. படகும் அவ பேர்லதான். உள்ளதான் இருக்கறா. நான் கூப்பிட்டா வரமாட்டா. நீங்க வந்தது அவளுக்குக் கேட்டிருக்கும், அவளா வருவா. காலையில இருந்து பீரோவத் தொறக்கறதும் மூடறதுமா இருக்கறா, என்னத்தத் தேடறாளோ தெரியல. அது வரைக்கும் இந்த மோரக் குடிங்க.

உங்க ஆறு எப்படிங்க? பாறைன்னுதானே போன்ல சொன்னீங்க. தண்ணி எவ்வளவு நிக்கும், முழங்காலுக்கா? அப்பச் சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கறீங்க. கருங்கல்துறையில வந்து துறைக்காரம்மா எங்கன்னு கேட்டா சின்னப் புள்ளையும் இந்த ஊட்டக் கை காட்டும். எங்க ஊட்டுக்காரரு போன பொறவு இந்தத் துறைய வருசா வருசம் நாந்தான் ஏலம் எடுத்து ஓட்டறேன். அக்கரை ஊருக்குப் பாலம் கெடையாதுங்க. கண்ணாலமோ காச்சலோ, எங்க படகுல ஏறித்தான் இங்க வரணும். ஞாயித்துக்கெழமைன்னா கோயமுத்தூர்ல இருந்து சோடி சோடியா வருவாங்க, ஆத்துல ஒரு சுத்துப் போயிட்டு மீனு தின்னுட்டுப் போறதுக்கு.

முன்ன எல்லாம் பரிசல்தான். பரிசலுக்குப் பாறை ஒரு பொருட்டே இல்ல, முட்டுனா ஒரு சுத்துச் சுத்திட்டு அது பாட்டுக்குப் போயிரும். ஆனா இந்தக் காலத்துச் சனம் பரிசல்னாலே பயப்படுது. சரின்னு காத்தாடி வெச்ச மோட்டார் படகு ஒண்ணு வாங்குனோம். காத்தாடின்னா பின்னால தண்ணிக்குள்ள சுத்துமே, அது. ஆடி ஆவணியில நல்லா ஓடுச்சு. தை பொறந்து தண்ணி எறங்குச்சு பாருங்க, ஒரு கல்லுல பட்டுக் காத்தாடி எலை ஒடைஞ்சுது. மாத்துனோம். மறுபடியும் ஒடைஞ்சுது. எங்க ஆத்துல எங்க காலு வெச்சாலும் கல்லு. அதுலயும் கல்லுச்சந்துன்னு ஒண்ணு இருக்குது. நட்டாத்துல ரெண்டு பெரிய பாறை, நடுவுல ஒரு மாட்டு வண்டி போற அகலம். கோடையில தண்ணி அத்தனையும் அது வழியாத்தான் பாயும். அக்கரைக்குப் போகோணும்னா அதுக்குள்ள பூந்துதான் போகோணும். காத்தாடி படகு அங்க போனாலே நான் கரைக்கு வந்து நின்னுக்குவேன்.

அப்பத்தான் ஜெட்டுப் படகுன்னு ஒண்ணு இருக்குதுன்னு மாப்ள கண்டுபுடிச்சாரு. எங்கிட்ட நேராச் சொல்லலீங்க. மோகனாகிட்டச் சொன்னாரு, அவ வந்து எங்கிட்டச் சொன்னா. மோகனாங்கறது எம் பொண்ணு, இப்ப உள்ள இருக்கறாளே, அவதான்.

எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. எங்க பக்கம் மாமியாக்காரி மருமகங்கிட்ட மூஞ்சிக்கு மூஞ்சி நின்னு பேசமாட்டா. மரியாதைங்க அது. அவரு ஊட்டு முன்னால ஆசாரத்துல உக்காந்திருந்தா நான் சமையக்கட்டுல நின்னுக்கிட்டு, "மோகனா, சோறு ஆறுதுன்னு சொல்லு"ம்பேன். அவ சொல்லாட்டியும் அவருக்குக் கேட்டிரும், எந்திரிச்சு வருவாரு. இப்ப இதெல்லாம் யாரு பாக்கறாங்க. எங்க நாத்தனா மருமகனோட ஒண்ணா உக்காந்து டிவி பாக்கறா, கையத் தட்டித் தட்டிச் சிரிக்கறா. எனக்கு அதெல்லாம் வராதுங்க. ஏழு வருசம் ஒரே ஊட்டுல இருந்தோம், ஒரு வார்த்தை நேரா பேசுனதில்ல. அத்தனை மரியாதை குடுத்து வெச்சிருந்தேன்.

வீட்டோட மாப்ளைங்க அவரு. சென்னியப்பன்னு பேரு. கோபியில ஒரு கடையில மோட்டாருக்குக் காயில் சுத்திட்டிருந்தாரு. எனக்கு ஒத்தப் பொண்ணு, துறையப் பாக்கறதுக்கு ஆளு வேணும். அவருக்கு அப்பனாத்தா இல்ல, காடு தோட்டமும் இல்ல. நாந்தான் பாத்துக் கட்டி வெச்சேன். தப்பாச் சொல்லக் கூடாது, நல்லாப் பாடுபடுவாரு. ஆனா ஆம்பளைன்னா ஒரு மொறப்பு வேணுமுங்களே, அது இல்ல. சொன்னாக் கேட்டுக்குவாரு. எதச் சொன்னாலும் கேட்டுக்குவாரு. எனக்கு அதப் பாத்தாலே பத்திக்கிட்டு வரும். நேரா திட்டவும் வழக்கமில்ல. அதனால மாட்டப் பாத்துத் திட்டுவேன். தண்ணி காட்டிக்கிட்டே, "உனக்கென்ன, வந்த எடத்துல கட்டுத்தறி கெடச்சிருச்சு, தின்னுட்டுத் தின்னுட்டுப் படுத்துக்க"ம்பேன். அவரு ஊட்டுக்குப் பின்னால பொடக்காணியில மூஞ்சி கழுவிட்டு இருப்பாரு. சாயங்காலம் பாத்தா அந்த மாட்டுத் தொட்டிக்கு ஒரு குழாய் இழுத்து உட்டிருப்பாரு, நான் கொடம் தூக்க வேண்டாம்னு. இப்படிப்பட்ட ஆள என்னதான் பண்றதுங்க.

ஒருநா மோகனா எம்பக்கத்துல வந்து உக்காந்தா. "அம்மா, அவரு உங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாரு. ஒரு தடவ, மாப்ளன்னு நேராக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசிரும்மா. அவருக்கு ஆத்தா இல்லையில்லம்மா"ன்னா. எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. பால் குடிக்கற புள்ளையா அவரு? "வழக்கத்த மாத்தறதுக்கு நான் யாருடி"ன்னு சொல்லிட்டேன். அவ எந்திரிச்சுப் போயிட்டா.

இருங்க, படகப் பத்திச் சொல்றேன். அதுக்குத்தானே வந்தீங்க.

கொச்சிக்குப் போனோமுங்க, மூணு பேரும். அங்க படகு செய்யற பட்டறை ஒண்ணு. அவரு பஸ்ஸுல முன் சீட்டு, நானும் மோகனாவும் பின் சீட்டு. பட்டறையில வரிசையா நிறுத்தி வெச்சிருந்தான். எனக்கு ஒண்ணு புடிச்சுப் போச்சு, வெள்ளையும் செவப்புமா, கண்ணாடியாட்டம் பளபளன்னு. பைபர் படகு. அதத்தான் எடுக்கணும்னு மோகனாகிட்டச் சொன்னேன். அவரு அந்தப் பட்டறைக்காரன்கிட்டப் போய் மெதுவா என்னமோ பேசுனாரு. அப்பறம் மோகனா வந்து சொல்றா, பைபரு பாறையில பட்டா விரிஞ்சு போயிருமாம், அலுமினியம்னா நசுங்குமாம், ஒடையாதாம், அதுலயும் அடித்தகடு கெட்டியா இருக்கறதாப் பாக்கணுமாம். அலுமினியப் படகப் பாத்தா சோத்து அண்டாவாட்டம் இருந்துச்சு. எனக்கு மனசே ஆகல. இருந்தாலும் ரோசனை பண்ணிப் பாத்து, சரி, அலுமினியமே இருக்கட்டும்னு நாந்தான் முடிவு பண்ணுனேன். அன்னைக்கு நான் அந்த முடிவு எடுக்கலீன்னா இன்னைக்கு உங்களுக்கு விக்கறதுக்குப் படகே இருந்திருக்காதுங்க. நீங்களும் யாரு என்ன சொன்னாலும் பைபருக்குப் போயிராதீங்க.

அடியில ஒரு வாய் இருக்கும், அது வழியாத் தண்ணிய உறிஞ்சி, பின்னால பீச்சி அடிக்கும். அந்தப் பீச்சறதுலதான் படகு போறது. வெளிய சுத்தற காத்தாடி கெடையாது, அதனால ஒடையறதுக்கு ஒண்ணுமில்ல. அந்த வாய்க்கு ஒரு கம்பிச் சல்லடை போட்டிருக்குதான்னு பாத்துக்கோங்க. இல்லீன்னா கூழாங்கல்ல எல்லாம் உள்ள இழுத்துக்கும். எங்களுதுல இருக்குது. அது பத்தாதுன்னு அவரே குறுக்க இன்னும் ரெண்டு கம்பி வெச்சு வெல்டிங் பண்ணுனாரு. முழங்காலுத் தண்ணியில நின்ன எடத்துல இருந்து பைக்க முறுக்கறாப்பல ரேஸ் குடுத்துக் கெளப்பக் கூடாது, மணலையும் கல்லையும் வாரிக்கும். கையில புடிச்சுத் தள்ளி ஆழத்துக்குக் கொண்டுபோய் அப்பறந்தான் கெளப்போணும். இதெல்லாம் எனக்கு அத்துப்படி.

இன்னொண்ணு இருக்குதுங்க, அதுதான் முக்கியம். அந்தப் பட்டறைக்காரன் எங்க மூணு பேரையும் படகுல ஏத்திக் காயல்ல ஒரு சுத்துக் கூட்டிட்டுப் போயிக் காட்டுனான். பாதி மலையாளம், பாதி தமிழு. பீச்சற தண்ணியத் திருப்பித்தான் இந்தப் படகு திரும்பும்னான். ரேஸக் குறைச்சா தண்ணி பீச்சாது. தண்ணி பீச்சலீன்னா ஸ்டீரிங்க எத்தன திருப்புனாலும் படகு திரும்பாது, போன தெசையிலயே போகும். அதுவுமில்லாம வேகத்துல போனா மேல எந்திரிச்சு மெதந்துக்கிட்டுப் போகும், மெதுவாப் போனா அடி உள்ள எறங்கிரும். அதனால பாறையக் கண்டா ரேஸ்ல இருந்து கையை எடுக்கவே கூடாது, எடுத்தா செத்தீங்கன்னு சொன்னான். சொல்லிட்டு எடுத்தும் காமிச்சான். ஸ்டீரிங்கு சும்மா சுத்துது, படகு நேராப் போயிட்டே இருக்குது. எனக்கு நல்லா வெளங்குச்சு. அவரு அதையே ரெண்டு மூணு தடவ கேட்டுக்கிட்டாரு.

மாசியில படகு வந்துச்சு. வந்ததுல இருந்து அவருக்கு அதே வேலைதான். காலையில ஆளுக வர்றதுக்கு முன்னாலயே போயிக் கல்லுச்சந்துல போறதும் வர்றதும். மோகனாவும் பக்கத்துல உக்காந்துக்குவா. பாறை வர்றப்ப இவ, "எடுக்காதீங்க, எடுக்காதீங்க"ன்னு கத்துவாளாம், அவரு பல்லக் கடிச்சுக்கிட்டு ரேஸப் புடிச்சிருப்பாராம். மோட்டார் பைக் ஓட்டுன கை பாருங்க, எதுக்க எதையாச்சும் கண்டா தானா இறங்குமாம். அதப் பழக்கறதுக்கு ஒரு மாசம் ஆச்சுன்னு மோகனா சொன்னா. அப்பறம் நல்லாவே ஓட்டுனாரு. பங்குனி பூரா ஓட்டுனாரு. ஒரு நோவாளியக் கொண்டாந்து இந்தக் கரையில ஆம்புலன்ஸ்ல ஏத்தி உட்டாரு. அக்கரைச் சனமெல்லாம் மாப்ள மாப்ளன்னு அவரச் சுத்தும். நான் மட்டும் ஏறல. மாப்ள முன்னால உக்காந்து ஓட்ட, நான் பின்னால உக்காந்து போறதான்னு கூச்சமா இருந்துச்சு. நான் பரிசல்லயேதான் போயிட்டு வந்தேன்.

சித்திரையில அக்கரையில மாரியம்மன் நோம்பி. பரிசல்காரன் குடும்பத்தோட நோம்பிக்கு முன்னாடியே போயிட்டான். எனக்கு மாவெளக்கு எடுத்துட்டுப் போகோணும். வேற வழியில்லாம அன்னைக்குத்தான் மொத மொதல்ல இந்தப் படகுல ஏறுனேன். பின் சீட்டுல நான், மடியில வெள்ளித் தட்டு, தேங்கா, பழம், மாவெளக்கு. முன்னால அவரு, அவருக்குப் பக்கத்துல மோகனா. நான் ஏர்றப்ப அவரு எந்திரிச்சு நின்னாரு பாருங்க, படகுக்குள்ளயே. மோகனாதான் சட்டையப் புடிச்சு இழுத்து உக்கார வெச்சா.

கெளம்புச்சு. என்ன வேகம். மூக்கு மேல எந்திரிச்சு, தண்ணி மேல தடதடன்னு போகுது. நான் தட்டப் புடிப்பனா, கம்பியப் புடிப்பனா? தூரத்துல கல்லுச்சந்து தெரியுது. அவரு குறைக்கறாருன்னு பாத்தா குறைக்கல. இன்னும் எச்சாத்தான் குடுக்கறாரு. பாறை ரெண்டும் எம்மூஞ்சிக்கே வருது. யாரா இருந்தாலும் கத்தத்தானுங்க செய்வாங்க? நானும் கத்துனேன். "மாப்ள, நிறுத்துங்க"ன்னு கத்துனேன்.

மோகனா, "வேண்டாங்க, எடுக்காதீங்க"ன்னு கத்துனா. அது அவருக்குக் கேட்டுச்சோ கேக்கலையோ. அவரு திரும்பி என்னையப் பாத்தாரு. சிரிச்ச மூஞ்சியா இருந்துச்சு. அந்த வேகத்துல, அந்தச் சத்தத்துல, "சரிங்கத்தே"ன்னாரு. சொல்லிட்டுக் கையை எடுத்துட்டாரு.

அவ்வளவுதானுங்க. படகு மூக்கத் தூக்கிப் போட்டாப்புல கீழ எறங்குச்சு, எடது பாறை மேல நேராப் போச்சு. மோகனா எட்டி ஸ்டீரிங்கத் திருப்புறா, அது எங்க திரும்பறது. அவரு பாதி பின்னால திரும்புனாப்பலயே இருந்தாரு, அப்படியே தூக்கிப் பாறை மேல அடிச்சிருச்சு. கரைக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. எந்தட்டு, தேங்கா, பழம் அத்தனையும் ஆத்தோட போச்சு. எங்கம்மா எனக்குக் குடுத்த வெள்ளித் தட்டுங்க அது. ஆளுகள உட்டுத் தேடச் சொன்னேன், கெடைக்கல.

படகுக்கு ஒண்ணும் ஆகலீங்க. போயி நீங்களே பாருங்க, மூக்குல ஒரு நசுங்கலு, அவ்வளவுதான். ஒரு ஓட்டை இல்ல, ஒரு விரிசல் இல்ல, ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரல. அத்தாப் பெரிய அடிக்கு வேற படகா இருந்திருந்தா சுக்கு நூறாப் போயிருக்கும். அந்த நசுங்கலக் காட்டி வெலையக் குறைக்கலாம்னு நெனைக்காதீங்க. அதுதானே இதோட அருமை.

எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குதுங்க. நெனைச்சு நெனைச்சுப் பாக்கறேன். ரேஸ எடுக்கக் கூடாதுன்னு அந்தக் கொச்சிக்காரன் அத்தன படிச்சுப் படிச்சுச் சொன்னான். ஒரு மாசம் பழகியிருக்கறாரு. பொண்டாட்டி பக்கத்துல உக்காந்து வேண்டாங்கறா. அப்பறம் எதுக்குக் கையை எடுக்கறாரு? பொம்பள ஒருத்தி பயத்துல கத்துனா, ஓட்டறவன் கேக்கறதா? ஒரு மொறப்பு இருந்திருந்தா, "கம்முனு உக்காருங்க"ன்னு என்னைய ஒரு அதட்டு அதட்டிட்டுப் போயிருப்பாரு. எம் பொண்ணு தாலியோட இருந்திருப்பா.

போலீஸ்காரரு வந்து கேட்டாரு. "மாப்ள தானாக் கையை எடுத்துட்டாருங்க"ன்னு சொன்னேன். நெசந்தானுங்களே? நானா கையைப் புடிச்சு எடுத்தேன்? ஓட்டுனவரோட கவனக்குறைவுன்னு அவரு எழுதிக்கிட்டாரு. மோகனா அந்தத் தூணுகிட்டத்தான் நின்னுட்டிருந்தா. எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா. அதுக்கப்பறம் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலீங்க. ஊருக்குள்ள ஓட்டத் தெரியாதவன்னு அவரச் சொல்றாங்களாம், அதுக்கு நாந்தான் காரணமாம். மோகனாதான் இப்படிச் சொல்றாளாம், எங்க அண்ணி வந்து எங்கிட்டச் சொன்னா. ஓட்டத் தெரிஞ்சிருந்தா எதுக்குங்க சாகறாரு.

பேசாம இருந்தாக் கூடப் பரவாயில்ல. மாட்டுகிட்டப் பேசறாளுங்க. எனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் மாட்டுகிட்டச் சொல்றா. "அரிசி தீந்துபோச்சு, வாங்கிட்டு வரச் சொல்லு"ன்னு மாட்டுகிட்ட. "மருந்து குடிச்சாச்சான்னு கேளு"ன்னு மாட்டுகிட்ட. பெத்த ஆத்தாள ஒருத்தி இப்படி அவமானப்படுத்துவாளா? ஒரே ஊட்டுல இருந்துக்கிட்டு ஒரு மனுசிய மனுசியா மதிக்காம இருக்கறது எவ்வளவு பெரிய கொடுமை தெரியுங்களா? எங்கிருந்துதான் இதக் கத்துக்கிட்டாளோ.

தினமும் படக எடுத்துட்டுத் தனியாப் போவா. கல்லுச்சந்துக்குள்ள போறதும் வர்றதும், போறதும் வர்றதும். கரையில நின்னு எத்தன நாளைக்குங்க நான் பாக்கறது. இந்தக் கெரகத்த வித்துத் தொலைச்சாத்தான் உண்டுன்னு உங்களாட்டம் படகு ஓட்டற ஆளுககிட்ட எல்லாம் சொல்லி வெச்சேன். மோகனா ஒத்துக்க மாட்டாள்னுதான் நெனைச்சேன். நேத்துக் காலையில மாட்டுகிட்டச் சொல்றா, "வித்துக்கச் சொல்லு, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்"னு. எனக்கு ஆச்சரியமாப் போச்சு. மனசு எறங்கிட்டா போல. படகு போயிட்டா எல்லாம் சரியாயிரும் பாருங்க.

ஆங், வர்றா. மோகனா, இவருதான் படகு பாக்க வந்தவரு.

பாத்தீங்களா, உங்களப் பாத்து மட்டும் வாங்கங்கறா. என்ன சொல்றா, ஓட்டிக் காட்டறேங்கறாளா? நல்லதாப் போச்சு, வாங்க. நானும் வர்றேன். பின்ன, எம் படகு விக்கறப்ப நான் இல்லாம எப்படி? அது என்ன தோள்ல பையி, மோகனா? அவகிட்டக் கேளுங்களேன், என்ன பையின்னு. என்னவாம்? துணியா? யாருக்காச்சும் தைக்கக் குடுக்கறதா இருக்கும்.

பாத்து ஏறுங்க, ஆடும். நீங்க முன்னால அவ பக்கத்துல உக்காந்துக்கோங்க. நான் என்னோட பழைய எடத்துலயே உக்காந்துக்கறேன். பாத்தீங்களா, கையில புடிச்சுத் தள்ளித்தான் ஆழத்துக்குக் கொண்டுபோறா. அப்படித்தான் பண்ணோணும்.

தம்பி, சத்தத்துல கேக்காது, கொஞ்சம் இந்தப் பக்கம் சாயுங்க. ரொம்ப வேகமாப் போறா. அவகிட்டச் சொல்லுங்க, கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க. நான் சொன்னாக் கேக்கமாட்டா, நீங்க சொல்லுங்க. சந்து வருது பாருங்க. தம்பி, சொல்லுங்க தம்பி, அம்மா பயப்படறாங்கன்னு சொல்லுங்க. என்ன நீங்களும் கல்லாட்டம் உக்காந்திருக்கறீங்க. மோகனா, குறைடி. மோகனா, நிறுத்து. நிறுத்துங்கறேன். மாரியாத்தா.

அப்பாடி. தாண்டிட்டா. பாத்தீங்களா, ரெண்டு பக்கமும் பாறை, நடுவுல ஊசியில நூல் கோத்தாப்புல பூந்துட்டா. கையை எடுக்கவே இல்ல பாருங்க. நான் அத்தன கத்து கத்தறேன், திரும்பிக் கூடப் பாக்கல. இப்படித்தானுங்க ஓட்டோணும். இது அவருக்கு வந்திருந்தா எதுக்கு இந்தக் கதி. படகு எப்படி, புடிச்சிருக்குதுங்களா?

எதுக்கு அக்கரையில கொண்டாந்து நிறுத்தறா? திரும்பிப் போகலாம்னு சொல்லுங்க. என்ன, சாவிய உங்க கையில குடுக்கறா? கையெழுத்துப் போட்ட பத்திரமும் குடுத்துட்டாளா? ஊட்டுல வெச்சுக் குடுத்தா ஆகாதா? எங்க எறங்கறா? பையத் தோள்ல மாட்டறா பாருங்க. தம்பி, அவ எங்க போறான்னு கேளுங்க. கேளுங்க.

என்ன சொன்னா? கோபிக்கா? இந்தப் பக்கம் பஸ்ஸே இல்லீங்களே, காட்டு வழியில மணிக்கணக்கா நடக்கோணுமே. அவரு இருந்த கடைக்குப் பக்கத்துல ஊடு பாத்திருக்கறாளா? எப்ப வருவாளாம்? அதையுங் கேளுங்க. வரமாட்டாளாம்னா என்ன அர்த்தம்?

நீங்க சும்மா இருங்க, நான் கூப்பிடறேன். மோகனா. மோகனா, நில்லு. ஆத்தா கூப்பிடறேன், நில்லுடி.

காது கேக்காம இல்லீங்க, நல்லாக் கேக்குது. பாருங்க, நடைய எச்சு பண்றா. பத்து மாசம் சொமந்து பெத்தவ தொண்ட கிழியக் கத்தறேன், திரும்பிப் பாக்க மாட்டேங்கறா. எங்கிருந்தோ வந்தவரு, அவருகிட்ட ஒரே ஒரு வார்த்தைதான் நேரா சொன்னேன், அந்த வேகத்துலயும் திரும்பிப் பாத்து, சரிங்கத்தேன்னு நிறுத்துனாரு. அவருக்கு இருந்த மரியாதை இவளுக்கு இல்லீங்க.